உணர்ச்சிப் படங்களும் திருநர் மூளையும்: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

மேகலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருநங்கையரின் மூளை பெண்களின் மூளையைப் போலவே இயங்குவது ஸ்கேனில் நிரூபணமாகிவிட்டது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை, ஆகவே திருநர் என்பதே வெறும் கற்பனை என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். இரு சாராரும் சுட்டிக்காட்டும் சான்றுகளில் ஒரு வகை, ஒருவரை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அச்சம், அருவருப்பு, மகிழ்ச்சி, காமம் போன்ற உணர்ச்சிகளைத் தூண்டும் படங்களைக் காட்டி, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு கிளர்கிறது என்று அளக்கும் ஆய்வுகள். உணர்ச்சிச் செயலாக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருபவள் என்ற முறையில், அவை எதை அளக்கின்றன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

ஸ்கேனருக்குள் படுத்திருப்பவரின் தலையைக் கூண்டு போன்ற சுருள் சூழ்ந்திருக்கும். அதில் பொருத்திய சிறு கண்ணாடியின் வழியே பின்புறத் திரையில் விழும் படங்களை அவர் பார்ப்பார். காதடைப்பையும் மீறி இயந்திரத்தின் தட்டல் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பாம்பு, பிறகு சில நொடிகள் வெறும் கூட்டற்குறி, பிறகு ஒரு கூடை, மீண்டும் கூட்டற்குறி, பிறகு காயமுற்ற ஓர் உடல் என்று வரிசை நீளும். இடையிடையே, படம் எவ்வளவு இனிமையானது, எவ்வளவு பதற்றம் தந்தது என்று பொத்தானை அழுத்தி மதிப்பெண் இடச் சொல்வதும் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பயன்படும் படத்தொகுப்பு புளோரிடா பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாங்கின் குழு உருவாக்கியது. அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் 1 முதல் 9 வரையிலான அளவையில் சராசரி மதிப்பெண்கள் உண்டு. அவை ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் தரப்பட்டிருக்கின்றன. திருநர் ஒருவர் பங்கேற்கும்போது எந்தப் பத்தியை (ஆண்களுக்கான மதிப்பெண்களையா, பெண்களுக்கானவற்றையா) அடிப்படையாகக் கொள்வது என்ற கேள்வி, ஸ்கேனரை இயக்குவதற்கு முன்பே எழுந்துவிடுகிறது.

அடிக்கடி பகிரப்படும் ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் கிசெவ்ஸ்கி என்பவரின் குழு 2009-இல் வெளியிட்டது அது. 12 ஆண்கள், 12 பெண்கள், 12 திருநங்கையர் ஆகியோருக்குக் காமக் காட்சிகள் கொண்ட திரைத் துணுக்குகள் காட்டப்பட்டன. பெண்களோடு ஒப்பிடுகையில் ஆண்களிடம் தாலமஸ், அமிக்டலா (அச்சம் முதலான உணர்ச்சிகளோடு தொடர்புடைய பகுதி), இன்சுலா, கண்குழிக்கு மேலுள்ள புறணி ஆகிய மூளைப்பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. திருநங்கையரிடம் அந்தக் கூடுதல் காணப்படவில்லை. இதிலிருந்து "திருநங்கையின் மூளை பெண்மூளை" என்ற தலைப்புக்குத் தாவுவது எளிது. ஆனால், தன் உடலோடு ஒன்ற முடியாத நிலையில் இருக்கும் ஒருவர், ஆணுடலும் பெண்ணுடலும் கூடும் காட்சியைக் காணும்போது அவருக்குள் கிளர்ச்சிக்குப் பதிலாக விலகலோ வேதனையோ எழுந்திருந்தாலும் இதே முடிவுதான் கிடைத்திருக்கும். கிளர்ச்சி குறைவாகப் பதிவானதற்கு மூளையின் பாலினம் காரணமா, அந்தக் காட்சி அவருக்கு உணர்த்திய பொருள் காரணமா என்பதை இந்த ஒப்பீட்டால் பிரித்தறிய இயலாது.

இன்னோர் இடரும் இருக்கிறது. பெண்களைப் போன்றது, ஆண்களைப் போன்றது என்று சொல்ல, முதலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு இருக்க வேண்டும். பல ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டீவன்ஸ், ஹாமன் ஆகிய இருவர் 2012-இல் வெளியிட்ட பகுப்பாய்வு, எதிர்மறை உணர்ச்சிகளுக்குப் பெண்களின் இடது அமிக்டலாவும், இனிய உணர்ச்சிகளுக்கு ஆண்களின் இடது அமிக்டலாவும் சராசரியில் கூடுதலாக வினையாற்றுவதாகச் சொல்கிறது. வேறுபாடு இருக்கிறது, ஆனால் அது படத்தின் தன்மையைப் பொறுத்துத் திசை மாறுகிறது, இரு பாலினத்தவரின் அளவுகளும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடக்கின்றன. அத்தகைய அளவுகோலை வைத்து ஒரு தனிமனிதரை எந்தப் பக்கம் நிறுத்துவது?

செந்தில்_இயற்பியல்

மேகலை அவர்கள் கருவியின் எல்லையை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று கருதுகிறேன். எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் இந்த ஸ்கேன் நரம்பணுக்களின் வேலையை நேரடியாகக் காண்பதில்லை. அந்த வேலைக்குப் பின்தொடர்ந்து பாயும் குருதியின் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் காண்கிறது. படம் தோன்றி ஏறத்தாழ ஐந்தாறு நொடிகள் கழித்தே அந்தக் குறிகை உச்சத்தை எட்டும். மூளை முழுவதையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிறு கனசதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனியே புள்ளியியல் சோதனை நடத்துகிறார்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் கடுமையான வரம்பை வைத்தாலும், உண்மையில் எந்த விளைவும் இல்லாத நிலையிலேயே நூறு கனசதுரங்கள் தற்செயலாக ஒளிரும்.

இதை உணர்த்துவதற்காக, கிரெய்க் பென்னெட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2009-இல் இறந்துபோன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்கள் பழகும் படங்களைக் காட்டி, அதிலுள்ளவர் என்ன உணர்கிறார் என்று மீனிடமே கேட்டார்கள். இத்தகைய தற்செயல் ஒளிர்வுகளைக் களையும் உரிய திருத்தம் செய்யாத கணக்கில் அந்த மீனின் மூளையிலும் சில கனசதுரங்கள் கிளர்ந்ததாக முடிவு வந்தது. திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. உணர்ச்சிப் படங்களைக் குறித்த ஆய்வுக்கே பொருந்தும் எச்சரிக்கை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

நம்பகத்தன்மையும் பெரிய கேள்வி. ஒரே ஆளை ஒரே சோதனைக்கு மறுபடியும் உட்படுத்தினால் முன்பு கிடைத்த மதிப்பு எவ்வளவு தூரம் திரும்பக் கிடைக்கிறது என்பதை எலியட் என்பவரின் குழு 90 சோதனைகளைத் தொகுத்து 2020-இல் கணக்கிட்டது. முழு ஒப்புமைக்கு 1 என்று கொண்டால், கிடைத்த சராசரி ஏறத்தாழ 0.4 மட்டுமே. குழுவுக்கு 12 பேர் என்ற அளவில் நின்று மூளையின் பாலினத்தைப் பேசுவது எந்த வகையில் பொருந்தும்?

மேகலை

செந்தில் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன், அது இந்த இழைக்கு முக்கியமானது. மறுசோதனையில் 0.4 கிடைப்பதால் அந்தச் சோதனையே பயனற்றது என்றாகாது. அச்சமூட்டும் முகங்களைக் காட்டினால் அமிக்டலா கிளர்கிறது என்பது குழுவின் சராசரியாக மீண்டும் மீண்டும் கிடைக்கும் விளைவு. ஏறத்தாழ எல்லோரிடமும் கிளர்வதாலேயே அந்தச் சோதனை ஓர் ஆளை இன்னோர் ஆளிடமிருந்து பிரித்துக் காட்டுவதில் வலுவிழந்து நிற்கிறது. ஆக, ஹார்மோன் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு குழுவின் சராசரி எப்படி மாறுகிறது என்று கேட்க இந்தக் கருவி உதவும். எதிரில் படுத்திருக்கும் இந்த ஒருவர் யார் என்று கேட்க உதவாது.

அகிலன்_திருநம்பி

நான் திருநம்பி, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவன். கருவியைப் பற்றிய விவாதம் தேவையானதுதான். ஆனால் படத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் இவான்கா சாவிக் குழுவும் அமெரிக்க ஆய்வாளர் ஜேமி ஃபியூஸ்னரும் சேர்ந்து செய்த ஆய்வுகளில் பாம்போ கூடையோ காட்டப்படவில்லை. பங்கேற்பவரை உடலோடு ஒட்டிய ஆடையில் நிழற்படம் எடுத்து, தலைப்பகுதியை நீக்கி, அந்த உடலை ஆணுடலின் பக்கமாகவோ பெண்ணுடலின் பக்கமாகவோ கணினியில் படிப்படியாக மாற்றி, "இது எவ்வளவு தூரம் நீங்கள்?" என்று கேட்டார்கள். திருநம்பிகள் தாங்கள் உணரும் பாலினத்தின் பக்கம் மாற்றப்பட்ட உடலையே தம்முடையதாக அடையாளம் கண்டார்கள். தன்னைத் தானாக உணர்வதோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளின் இணைப்பிலும் வேறுபாடு தென்பட்டது. மற்ற ஆய்வுகளைவிட இதை நான் மதிக்கிறேன், ஏனெனில் எங்கள் துயரம் உண்மையில் எதைச் சுற்றி இருக்கிறதோ அந்த இடத்திலேயே கேள்வி வைக்கப்படுகிறது.

ஆனால் அதே காரணத்தால்தான் அது வலியும் தருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதே வழியில் திட்டமிடப்பட்ட ஆய்வு ஒன்று 2021-இன் தொடக்கத்தில் இடைநிறுத்தப்பட்டது. பங்கேற்பவரின் உடலையே அவருக்குக் காட்டி வேண்டுமென்றே வேதனையைத் தூண்டுகிறார்கள் என்று அங்குள்ள திருநர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்திருந்தன. ஆய்வாளர்களின் நோக்கம் தீயது என்று நான் நினைக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இருந்தது. இருந்தாலும், படத்தைக் காணப்போகிறவர்களிடம் முன்கூட்டியே கலந்து பேசியிருந்தால் அந்த ஆய்வு நின்றிருக்காது என்பது என் எண்ணம். சட்டை மாற்றும்போதுகூடக் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கப் பழகிய ஒருவருக்கு, தலையைக் கூண்டில் பொருத்திய நிலையில் தன் உடலையே ஐந்து நொடி பார்ப்பது என்பது மற்றவர்கள் நினைப்பதைவிட நெடிய நேரம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கோபமுற்ற ஆணின் முகத்தைக் காட்டும்போது என் அமிக்டலா மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிளர்ந்தால், அதற்குக் காரணம் என் பாலின அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள். பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் என்னை மறித்து நின்ற முகங்கள் அப்படித்தான் இருந்தன. சமூகத்தில் சிறுபான்மையாக வாழ்வதால் சேரும் அழுத்தத்தை இலன் மேயர் 2003-இல் ஒரு கோட்பாடாக விளக்கினார். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு 2022-இல் திருநம்பிகளின் உணர்ச்சிச் செயலாக்கத்தையும் இந்த அழுத்தத்தையும் ஒருங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறது. அந்த வழியே சரியான வழி என்று எனக்குப் படுகிறது.

மேகலை

அகிலன், மிக்க நன்றி. "கட்டுப்பாட்டுக் குழு" என்ற பெயரில் ஒப்பீட்டுக்காக நாங்கள் சேர்ப்பவர்கள் வயதிலும் படிப்பிலும் ஒத்திருந்தால் போதும் என்று எண்ணிக்கொள்கிறோம். அவமதிப்பை அனுபவித்த அளவில் ஒத்திருக்கிறார்களா என்று பார்த்த ஆய்வுகள் அரிது.

ஹார்மோனைப் பற்றியும் ஒரு குறிப்பு. நெதர்லாந்தில் ஹுல்ஷோஃப் போல் குழு 2006-இல், 8 திருநங்கையரையும் 6 திருநம்பிகளையும் சிகிச்சைக்கு முன்பும் நான்கு மாதங்களுக்குப் பிறகும் ஸ்கேன் செய்தது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோன் தடுப்பு மருந்தும் பெற்றவர்களின் மூளைக் கொள்ளளவு பெண்களின் சராசரியை நோக்கிக் குறைந்தது. டெஸ்டோஸ்டிரோன் பெற்றவர்களுடையது கூடியது. பின்னர், 7 டெஸ்லா என்ற மிகுந்த காந்த வலிமை கொண்ட ஸ்கேனரைப் பயன்படுத்திய வியன்னா குழு, டெஸ்டோஸ்டிரோன் தொடங்கிய திருநம்பிகளிடம் பிறர் உணர்வை உணர்தலோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இணைப்பு மாறுவதை 2016-இல் வெளியிட்டது. ஆகவே ஹார்மோன் எடுத்துவரும் ஒருவரின் மூளை படங்களுக்கு வினையாற்றும் விதத்தைக் கொண்டு அவர் பிறவியிலேயே எப்படி இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது.

வைகைக்கரை_அம்மா

உங்கள் எல்லோருடைய கருத்துகளையும் பொறுமையாகப் படித்தேன். எனக்கு அறிவியல் அதிகம் தெரியாது; ஆனால் இந்த இழையில் பேசப்படுவது என் வீட்டுக் கதை. பெண் குழந்தையாக நான் வளர்த்த என் பிள்ளை, கல்லூரி இரண்டாம் ஆண்டில், தான் ஆண் என்று எங்களிடம் சொன்னான். அவன் அப்பாவால் இன்னும் ஏற்க முடியவில்லை. நாங்கள் சென்ற மனநல ஆலோசகர் ஒருவர், மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால் இது உண்மையா, பழக்கத்தால் வந்ததா என்று தெரிந்துவிடும் என்றும், அதன்பிறகு முடிவெடுக்கலாம் என்றும் கூறினார். அவன் அப்பாவும் அந்த அறிக்கை வந்தால் ஒப்புக்கொள்கிறேன் என்கிறார். பெரிய தொகையாகிறது. தொகைகூட எனக்குப் பொருட்டில்லை. அறிக்கை "இல்லை" என்று வந்துவிட்டால் என் பிள்ளை என்ன ஆவான் என்பதுதான் என் பயம். அப்படி ஒரு ஸ்கேன் இருக்கிறதா?

மனநல_மருத்துவர்_ஈரோடு

அம்மா, அப்படி ஒரு ஸ்கேன் இல்லை. எந்த நாட்டிலும் இல்லை. உங்கள் கணவரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லலாம்.

காரணத்தையும் சொல்கிறேன், அவர் கேட்டால் உதவும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்மோன் சிகிச்சை தொடங்காத 24 திருநங்கையரின் மூளைப் படங்களைக் கணினி நிரல் ஒன்று மதிப்பிட்டது. பெண்களின் சராசரி 0 என்றும் ஆண்களின் சராசரி 1 என்றும் இருக்கும்படி அமைந்த அளவையில், திருநங்கையரின் சராசரி 0.75 என்று வந்தது. திருநர் மூளை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிற்கிறது என்று செய்திகள் எழுதின. ஆனால் அந்தச் சராசரியைச் சுற்றிய விலக்கம் 0.39. அதாவது, சிலர் 1-ஐயும் தாண்டியிருப்பார்கள், சிலர் பாதிக்கும் கீழே இருப்பார்கள். 1-ஐத் தாண்டிய திருநங்கை திருநங்கை அல்லர் என்று அந்த ஆய்வை எழுதியவர்களே சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏனென்றால் அவர் திருநங்கை என்பது அவர் சொன்னதால்தான் அவர்களுக்கே தெரியும். ஸ்கேன் அவருடைய சொல்லைச் சார்ந்து நிற்கிறது.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில், பாலினப் பொருத்தமின்மை மனநோய்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த பகுதிக்கு மாற்றப்பட்டது. திருநர் உரிமை குறித்த 2014-ஆம் ஆண்டின் நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பாலினத்தை உடலியல் சோதனையால் தீர்மானிக்கும் அணுகுமுறையை ஏற்காமல், ஒருவரின் உள்ளத்துக்கே முதன்மை தந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், பாலின அடையாளத்தை "மாற்றிக் குணப்படுத்தும்" முயற்சிகளுக்குத் தடை விதித்தது. "பழக்கத்தால் வந்ததா" என்று கேட்கும் ஆலோசகர் அடுத்து எதைப் பரிந்துரைப்பார் என்பதில் எச்சரிக்கையாக இருங்கள். வேறொரு மருத்துவக் காரணத்துக்காக, எடுத்துக்காட்டாகப் பிட்யூட்டரி சுரப்பியில் ஐயம் எழுந்தால், எம்.ஆர்.ஐ. எடுப்பது வேறு செய்தி. அதற்கும் உங்கள் பிள்ளையின் அடையாளத்துக்கும் தொடர்பில்லை.

அவருடைய உறக்கம், உணவு, தேர்வுக் காலப் பதற்றம், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் ஏதும் உண்டா என்பது, இவற்றைத்தான் முதல் சந்திப்பில் நான் கேட்பேன். அதற்குச் செலவிடுங்கள்.

அகிலன்_திருநம்பி

அம்மா, நீங்கள் "என் பிள்ளை, அவன்" என்று எழுதியதை அவன் படித்தால் மகிழ்வான். அப்பாவுக்கு நாள் பிடிக்கும்; எங்கள் வீட்டிலும் பிடித்தது.

கீழடி_வாசகன்

ஓர் ஐயம். ஸ்கேன் எதையும் நிரூபிக்காது என்று நீங்களே சொல்லிவிட்டால், இது உயிரியல் அடிப்படையே இல்லாதது என்று எதிர்ப்பவர்கள் கொண்டாட மாட்டார்களா? ஆதரவான ஆய்வுகளை முன்வைப்பதுதானே நல்லது?

மேகலை

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உரிமையை ஓர் ஆய்வின்மேல் நிறுத்தினால், அடுத்த ஆய்வு அதை மறுக்கும்போது உரிமையும் சேர்ந்து ஆட்டம் காணும். ஆம்ஸ்டர்டாமில் 1995-இல், இறந்த 6 திருநங்கையரின் மூளையில் ஒரு சிறு நரம்பணுத் தொகுதி பெண்களின் அளவில் இருந்ததாக வெளியான ஆய்வைப் பலர் ஆதாரமாகக் கொண்டார்கள். அந்தத் தொகுதியில் ஆண், பெண் வேறுபாடு வளர்ந்த பருவத்தில்தான் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது என்று அதே ஆய்வுக்கூடம் 2002-இல் கண்டறிந்தது. அதன்பின் அதைப் பிறவிச் சான்றாகக் காட்டுவது கடினமாயிற்று.

உயிரியல் அடிப்படை இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகின் பல ஆய்வுக்கூடங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் வெளியான எனிக்மா பகுப்பாய்வில் 803 பேர் இடம்பெற்றார்கள். அவர்களில் 214 பேர் திருநம்பிகள், 172 பேர் திருநங்கையர். திருநரின் மூளை வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளியில் நிற்பதாக அதில் தெரியவில்லை. சில பகுதிகளில் தனக்கே உரிய அமைப்பைக் காட்டியது. உணர்ச்சிப் படங்களை விடுத்து உடலுணர்வைத் தொட்டுச் சென்ற ஆய்வுகளும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் கலிபோர்னியாவில் தம் கூட்டாளிகளோடு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 8 திருநம்பிகளின் மார்பைத் தொடும்போது மூளையில் எழும் வினை, திருநர் அல்லாத பெண்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. எட்டுப் பேர்தான்; செந்தில் ஐயாவின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆயினும், "அந்த உறுப்பு என்னுடையதாகவே தோன்றவில்லை" என்று ஒருவர் சொல்வதற்கு நேர் நிகரான கேள்வி அது.

செந்தில்_இயற்பியல்

அப்படியானால், நீங்களே உணர்ச்சிப் படங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்துவதானால் எப்படி அமைப்பீர்கள்?

மேகலை

ஹார்மோன் தொடங்குவதற்கு முன்பும், தொடங்கிச் சில மாதங்கள் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் அதே ஆள்களையே பார்ப்பேன். கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் தரவு சேகரிக்கும் முன்பே பொதுவில் பதிவு செய்வேன். எஃப்.எம்.ஆர்.ஐ.யோடு, தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யையும் சேர்ப்பேன், படம் தோன்றி முந்நூறு, நானூறு மில்லிநொடிக்குள் எழும் நேர்மின் அலை, உணர்ச்சிப் படங்களுக்கு உயர்ந்து கூடைக்கும் குவளைக்கும் தாழ்ந்து நிற்கும், ஸ்கேனரின் ஐந்து நொடித் தாமதம் அதில் கிடையாது, செலவும் குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் பங்கேற்பவரின் சொந்த மதிப்பெண்ணையே கணக்கில் கொள்வேன். ஆண் பத்தியோ பெண் பத்தியோ வேண்டியதில்லை. "நீங்கள் ஆணா பெண்ணா" என்ற கேள்வி எங்குமே வராது. சிகிச்சையின்போது அழுகை குறைந்தது, கோபம் கூடியது, மனம் இலகுவானது என்று பலர் சொல்வதற்கு இணையாக மூளையில் என்ன மாறுகிறது என்பதே கேள்வி. சிகிச்சை பெறுகிறவருக்கும் மருத்துவருக்கும் அந்த விடையால் பயன் இருக்கும்.

அகிலன்_திருநம்பி

படத் தேர்வில் ஒன்றைக் கவனியுங்கள். "நடுநிலைப் படங்கள்" என்ற பட்டியலில் இருக்கும் அன்றாடப் பொருள்களில் சில எங்களுக்கு நடுநிலையானவை அல்ல. ஆண், பெண் உருவம் வரைந்த கழிப்பறைக் கதவு, அடையாள அட்டை, பள்ளிச் சீருடை, முடிதிருத்தகத்தின் நாற்காலி, இவற்றில் எதைக் காட்டினாலும் எனக்குள் ஏதோ ஒன்று அசையும். அவற்றை அடித்தளமாக வைத்து, மற்ற படங்களுக்கான வினையிலிருந்து அவற்றுக்கான வினையைக் கழித்தால், என் அச்சம் குறைவாக இருப்பதாகக் கணக்கில் வரும்.

மேகலை

இது மிக முக்கியமான குறிப்பு. அடித்தளமே உயர்ந்திருந்தால் கழித்து வரும் விடை முழுவதும் பிழையாகிவிடும். எனவே படங்களுக்கு முன்கூட்டியே மதிப்பெண் இடத் திருநர் குழு ஒன்று தனியாக வேண்டும், அவர்கள் பின்னர் ஸ்கேனில் பங்கேற்கவும் கூடாது, ஏனெனில் ஒருமுறை பார்த்த படத்துக்கு அமிக்டலாவின் வினை தணிந்துவிடும். அந்த முதற்கட்டத்துக்கு ஸ்கேனர் தேவையில்லை. கைப்பேசியில் நிரப்பும் படிவம் போதும். கழிப்பறைக் கதவையும் முடிதிருத்தக நாற்காலியையும் அதில் சேர்த்து, கூடையோடும் குவளையோடும் ஒப்பிட்டு மதிப்பெண் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.